யாருடைய விருந்தாளி?

வெள்ளவத்தையில் தங்குமிடங்கள் இரண்டு வகைப்பட்டிருந்தன. ஒன்று ஹோட்டல், மற்றது லொட்ஜ். ஹோட்டலில் வந்து இறங்குபவரை அரசாங்கம் உல்லாசப் பயணி என்று அழைத்தது. அவருக்கென்று ஓர் அமைச்சு இருந்தது. விமான நிலையத்தில் வரவேற்புப் பலகை இருந்தது. லொட்ஜுக்கு வருபவருக்கு அப்படியொரு பெயர் கிடையாது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருப்பார். வவுனியாவிலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, மலையகத்திலிருந்து வந்திருப்பார். கடவுச்சீட்டு எடுக்க, விசாவுக்கு, ஏஜென்சிக்காரன் சொன்ன திகதிக்காக, கண் ஒப்பரேஷனுக்காக, கனடாவிலிருந்து வரப்போகும் மாப்பிள்ளைக்காக என்று ஏதோவொன்றுக்காகக் காத்திருப்பார். ஓர் அறையைப் பலகை அடித்து இரண்டாக்கியிருப்பார்கள். குளியலறை பொது. வாடகை மாதக் கணக்கில். பக்கத்துக் கடையில் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்கு மணித்தியாலக் கணக்கில் இருந்துகொண்டிருப்பார்கள்.

எனக்கு இந்த வட்டாரங்கள் நன்கு பழக்கம். வீடு கொட்டாஞ்சேனையில், வேலை வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் கணக்கெழுதுவது. இரண்டு இடத்திலும் லொட்ஜுகள் நிறைய. எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த லொட்ஜை நடத்தியவர் பருத்தித்துறைக்காரர். பகல் சாப்பாட்டுக்குப் பின் அவரோடு கதைத்துக்கொண்டிருப்பேன். அவருடைய மேசையில் பொலிஸ் பதிவுப் படிவங்கள் ஒரு கட்டு எப்போதும் கிடக்கும். ஒருநாள் அவர் சொன்னார்:

"தம்பி, ஹோட்டலுக்கு வாறவன் போகேக்க ஊரின்ர படத்தைக் கொண்டு போவான். எங்கட ஆக்கள் வரேக்கயே தங்கட படத்தைப் பொலிஸுக்குக் குடுக்க வேணும்."

இதை அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு நாட்டிலே யார் விருந்தாளி, யார் சந்தேக நபர் என்பதைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வி எனக்குள் அன்று தொடங்கியது. பின்னர் உலகத்தில் சுற்றுலாவைப் பற்றி நடந்த விவாதங்களை எல்லாம் இந்தக் கேள்வியின் ஊடாகவே நான் வாசித்து வந்திருக்கிறேன்.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை முதலிய இடங்களிலுள்ள லொட்ஜுகளுக்குள் பொலிஸார் புகுந்தனர். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்களுக்குச் சாமான்களைக் கட்டச் சில நிமிடங்களே கொடுக்கப்பட்டன. 376 தமிழர்கள், அவர்களில் 85 பேர் பெண்கள், பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவை நோக்கி அனுப்பப்பட்டனர். தக்க காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருந்தவர்கள் என்பது அதிகாரிகள் சொன்ன விளக்கம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தனர். பிரதமராக இருந்த ரத்னசிறி விக்ரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ஷவோ அந்த நடவடிக்கையை நியாயப்படுத்தினார். கைதுசெய்து அடைத்து வைப்பதைவிட ஊருக்குத் திருப்பி அனுப்புவது மேல் என்பது அவருடைய வாதம்.

'தக்க காரணமின்றித் தங்கியிருத்தல்' என்ற அந்தச் சொற்றொடரைச் சற்று யோசித்துப் பாருங்கள். உல்லாசப் பயணி என்றால் யார்? காரணமின்றி ஓர் ஊரில் வந்து தங்குபவர்தானே! வேலையில்லை, வழக்கில்லை, வைத்தியமில்லை. கடலைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் போதும். குடிவரவு அதிகாரி முத்திரை குத்திவிடுவார். லொட்ஜிலிருந்தவர்களிடமோ காரணங்கள் கைநிறைய இருந்தன. வைத்தியரின் துண்டு, தூதரகத்தின் கடிதம், கடவுச்சீட்டு விண்ணப்பத்தின் பற்றுச்சீட்டு எல்லாம் இருந்தன. காரணம் உள்ளவர் வெளியேற்றப்பட்டார். காரணம் இல்லாதவர் வரவேற்கப்பட்டார். ஒரே நகரம், ஒரே ஆண்டு, ஒரே அரசாங்கம்.

இரண்டாண்டில் போர் முடிந்தது. 2010 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அவ்வாண்டு செல்ல வேண்டிய 31 இடங்களைப் பட்டியலிட்டு, முதலிடத்தை இலங்கைக்குக் கொடுத்தது. மெனிக் பாம் முகாம்களில் அப்போதும் ஆயிரக்கணக்கானோர் இருந்தனர். 2009இல் நான்கரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த பயணிகளின் வருகை 2012இல் பத்து இலட்சத்தைத் தாண்டியது; 2018இல் இருபத்து மூன்று இலட்சமானது.

இந்த வளர்ச்சிக் காலத்தில் ஒரு நிர்வாக ஏற்பாட்டைப் பலர் கவனிக்கவில்லை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. லொட்ஜுகளைக் காலிசெய்ததை நியாயப்படுத்திய அதே செயலாளரின் கையில் கொழும்பை அழகுபடுத்தும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. நகரம் அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. நடைபாதைகள் வந்தன, மதில்கள் விழுந்தன, பூங்காக்கள் திறந்தன. மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாமும் அங்கே நடந்தோம். ஆனால் 2010 மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் இருபதளவு வீடுகள் படையினரின் காவலோடு இடிக்கப்பட்டன. முஸ்லிம்களும் மலாயரும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. காலிமுகத்திடலில் இராணுவத் தலைமையகம் இருந்த காணியில் ஷங்ரி-லா ஹோட்டல் எழுந்தது. 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. விருந்தாளியின் கண் படுகிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது நல்ல வீட்டு வழக்கம்தான். அதற்காக வீட்டிலிருப்பவர்களையே கொல்லைப்புறத்துக்குத் தள்ளுவது எந்த வழக்கத்தில் சேரும்?

வடக்கில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. காங்கேசன்துறைக் கடற்கரையில், உயர் பாதுகாப்பு வலயத்தின் உள்ளே, இராணுவம் 'தல்செவன' என்ற விடுதியை நடத்தியது. காரைநகருக்கு அருகே கடலுக்குள் இருக்கும் ஹமன்ஹீல் கோட்டை, ஒரு காலத்தில் சிறையாக இருந்தது. கடற்படை அதை விடுதியாக்கியது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம் போன்ற இடங்களில் தகரக் கூரையின் கீழே இருந்தன. தங்கள் கிணற்றடி எங்கே, மாமரம் எங்கே என்று அவர்களால் சொல்ல முடியும். போய்ப் பார்க்க முடியாது. கொழும்பிலிருந்து வாகனம் பிடித்துப் போனவர் அந்த வலயத்துக்குள் நுழைந்து கடலில் குளித்து, மீன் பொரியலோடு சாப்பிட்டு வரலாம். பணம் கட்டியவர் உள்ளே. காணி உறுதி வைத்திருந்தவர் வெளியே.

இது தமிழர்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கிழக்கின் தென் எல்லையிலுள்ள பாணமையில் 2010 ஜூலையில் ஆயுதம் தாங்கியவர்கள் குடிசைகளுக்குத் தீவைத்து மக்களை விரட்டினார்கள். சிங்களமும் தமிழும் கலந்த, ஏழை விவசாயிகளின் ஊர் அது. அந்தக் கடலோரக் காணிகள் பின்னர் படையினரின் கைகளுக்குப் போயின. அங்கேயும் விடுதி வந்தது.

தமிழ்நாட்டில் எனக்கொரு எழுத்தாள நண்பர் உண்டு. நீண்டகாலமாக எனக்குக் கடிதம் எழுதுபவர். போர் முடிந்த பிறகு, "உங்கள் நாட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் வரலாமா என்று தெரியவில்லை. வந்தால் கொன்றவர்களின் கையில் காசு கொடுத்ததாகிவிடாதா?" என்று கேட்டிருந்தார். அது நேர்மையான கேள்வி. 2010 ஜூனில் இந்தியத் திரைப்பட விருது விழா கொழும்பில் நடந்தபோது தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பை அவர் அருகிலிருந்து பார்த்தவர். பம்பாயின் பெரிய நட்சத்திரங்கள் சிலர் அந்த விழாவுக்கு வரவில்லை. வராமல் விடுவதும் ஒரு பேச்சுத்தான் என்பது நண்பரின் எண்ணம்.

அந்தக் கடிதத்தை நான் என் மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். மச்சான் வேன் ஓட்டுபவர். வெள்ளைக்காரப் பயணிகளைச் சிகிரியாவுக்கும் கண்டிக்கும் காலிக்கும் கொண்டுபோய்க் காட்டுவது அவருடைய பிழைப்பு. அவர் கேட்ட கேள்வி வேறு.

"அவங்க வராட்டி கவர்மென்டா பட்டினி கெடக்கும்? நான்தான் கெடப்பன். காலிக் கோட்டைல கல்லுக் கட வெச்சிரிக்கிற நம்மட ஆக்கள் கெடப்பாங்க. மந்திரிட மகன் கெடப்பானா?"

இதற்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலுள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்திலும், ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பெரி ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. வெடிக்கச் செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுவர்த்தி கொளுத்தும் முஸ்லிம் பெண்களை நான் சிறு வயதிலிருந்தே கண்டிருக்கிறேன். அந்த முற்றத்தில் இரத்தம். அதன் பின்னர் பயணிகள் வரவில்லை. மச்சானின் வேன் மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நின்றது. அறை துடைக்கும் பையனும், இளநீர் வெட்டுபவரும், வழிகாட்டியும் முதலில் விழுந்தார்கள். மேலேயிருந்தவர்கள் விழவில்லை, அந்த அச்சத்தின் மீதேறியே கோட்டாபய ராஜபக்ஷ அவ்வாண்டு நவம்பரில் ஜனாதிபதியானார். அன்று பயணிகள் வராமல் விட்டது பயத்தினால், பகிஷ்கரிப்பு அல்ல. ஆனால் வருகை நின்றால் யார் வயிறு காயும் என்பதை அது எங்களுக்குக் காட்டிவிட்டது.

இந்த இழுபறிக்கு மிகப் பிரசித்தமான உதாரணம் பர்மா. அங்கிருந்த இராணுவ ஆட்சி 1996ஐ 'மியன்மாருக்கு வாருங்கள்' ஆண்டாக அறிவித்தது. மண்டலேயில் அரண்மனை அகழியைத் துப்புரவாக்கக் கட்டாய உழைப்பு பயன்படுத்தப்பட்டது. வராதீர்கள் என்று ஆங் சான் சூகி உலகத்தைக் கேட்டார். பலர் கேட்டு நடந்தார்கள். பதினைந்து வருடம் கழிந்து அவருடைய கட்சியே அந்தக் கோரிக்கையைத் தளர்த்தியது. பெருங் கூட்டமாக, பொதிசெய்த பயணத்தில் வராதீர்கள். மக்களோடு பழகி, அவர்களிடம் செலவு செய்பவராக வாருங்கள் என்றது. இதுவரை கதை பலருக்கும் தெரியும். அடுத்த பகுதி நமக்கு அதிகம் வலிப்பது. 2017 ஆகஸ்ட் முதல் சில மாதங்களில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் ராக்கைனிலிருந்து பங்களாதேஷுக்கு ஓடினார்கள். அதே ராக்கைனில்தான் ங்கபாலி என்ற அழகிய கடற்கரை விடுதிப் பிரதேசமும் இருக்கிறது. அன்று ஆட்சியில் இருந்தவர், ஒரு காலத்தில் பயணிகளை வரவேண்டாம் என்று கேட்ட அதே சூகி அம்மையார். எவர் நமக்கு வரச் சொல்கிறார், எவர் வேண்டாம் என்கிறார் என்பதை வைத்து மட்டும் நமது மனச்சாட்சியைத் தீர்த்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம்முடைய மண்ணிலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை அரைகுறையாகிவிடும்.

என் மாமி யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள்; பெரும்பகுதியினர் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். பின்னர் 2002இல் போர்நிறுத்தம் வந்தது; ஏ-9 பாதை திறந்தது. இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் எத்தனையோ பேர் வன்னிக்குப் போனார்கள். புலிகளின் வரியைக் கட்டினார்கள், கிளிநொச்சியில் அவர்களுடைய விடுதிகளில் தங்கினார்கள். ஒழுங்கைப் பார்த்து வியந்தார்கள். களவில்லை, பெண்கள் இரவில் நடக்கலாம் என்று எழுதினார்கள். அவையெல்லாம் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஒழுங்குக்குள் ஒரு சமூகம் முழுவதும் இல்லாமலிருந்ததைக் கண்டு கேட்டவர்கள் எத்தனை பேர்? பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன வீடுகளுக்குப் போய் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் முஸ்லிம்களின் வெளியேற்றம் ஓர் அரசியல் தவறு என்று அன்ரன் பாலசிங்கம் சொல்ல வேண்டிவந்தது. உலகத்துப் பத்திரிகையாளர்கள் அத்தனை பேர் முன்னால் வந்து உட்கார்ந்ததால்தான் அது வாயிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். வந்த விருந்தாளி வாய் திறந்தால், வீட்டுக்காரன் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

போர் முடிந்த பின் மாமியை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அந்தக் காலத்தில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் போய்க்கொண்டிருந்தது. நாகதீபத்துக்குப் போனார்கள், கோட்டையைப் பார்த்தார்கள், எரிந்து மீண்ட நூலகத்தின் முன்னால் படமெடுத்தார்கள். முல்லைத்தீவுப் பக்கம் பிரபாகரனின் நிலக்கீழ் வீட்டைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். 2013இல் இராணுவம் அதைத் தகர்க்கும் வரை அது ஒரு காட்சிப் பொருளாகவே இருந்தது. மாமி தன் தெருவில் கூரையற்ற சுவர்களுக்கிடையில் நடந்தார். சுவரைப் பிளந்து ஆலங்கன்று முளைத்திருந்தது. வழியில் ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது. மாமி கேட்டார்:

"வாற சனம் கோட்டையைப் பாக்குது, நூல் நிலையத்தப் பாக்குது. எங்கட தெருவ ஆர் மகன் பாக்கிறது?"

சுற்றுலாவைப் பற்றிய எந்த நூலிலும் நான் இதைவிடக் கூர்மையான கேள்வியை வாசித்ததில்லை. அடக்குமுறை ஆட்சி ஒன்று முதலில் செய்யும் வேலை, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைத் தன் கையில் எடுத்துக்கொள்வதுதான். பயணி அந்தப் பட்டியலோடு வருகிறார், அந்தப் பட்டியலோடு திரும்புகிறார். ஊருக்குப் போய் "அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்கிறார். அவர் கொடுத்த டொலரைவிட ஆட்சியாளர்களுக்கு அந்த ஒரு வசனம் பெறுமதியானது. டொலர் செலவாகிவிடும், சாட்சியம் நிற்கும்.

2013 நவம்பரில் பொதுநலவாய மாநாடு கொழும்பில் நடந்தது. கனடாவின் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் வர மறுத்தார். இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வரவில்லை. பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் வந்தார். வந்தவர் யாழ்ப்பாணத்துக்குப் போனார். தாக்குதல்களுக்கு உள்ளான உதயன் பத்திரிகை அலுவலகத்தையும், நான் முன்னே சொன்ன சபாபதிப்பிள்ளை முகாமையும் பார்த்தார். காணாமல் போனோரின் தாய்மார் படங்களை ஏந்தி அவருடைய வாகனத் தொடரை மறித்தார்கள். அன்று உலகத் தொலைக்காட்சிகளில் வந்தது மாநாட்டு மண்டபம் அல்ல. அந்தத் தாய்மாரின் முகங்கள். வராதவரும் ஒன்றைச் சொன்னார். வந்தவரும் ஒன்றைச் செய்தார். வந்தும் ஹோட்டலை விட்டு அசையாத மற்றத் தலைவர்களின் வருகைதான் ஆட்சிக்கு அலங்காரமானது.

இதன் மறுபக்கத்தை நமது சமூகம் தன் உடம்பிலேயே உணர்ந்தது 2020இல். கொரோனாவால் இறந்தவர்கள் அனைவரையும் எரிக்க வேண்டும் என்று அவ்வாண்டு ஏப்ரலில் விதி வந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதை அனுமதித்திருந்தும் இங்கே நிலத்தடி நீர் என்று காரணம் சொன்னார்கள். டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தை எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அதே டிசம்பரின் 28ஆம் திகதி, பரீட்சார்த்தத் திட்டம் என்ற பெயரில், உக்ரேனியப் பயணிகளை ஏற்றிய விமானம் மத்தளவில் வந்து இறங்கியது. அவர்கள் யாலவுக்கும் கடற்கரைகளுக்கும் கூட்டிப்போகப்பட்டார்கள். உயிருள்ள அந்நியர் நாட்டுக்குள் உலாவ இடமிருந்தது; இறந்துபோன சொந்தக் குடிமகன் ஆறடி மண்ணுக்குள் கிடக்க இடமிருக்கவில்லை. அந்தப் பயணிகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு இது எதுவும் சொல்லப்பட்டிருக்காது. சொல்லப்படாமலிருக்கும்படி பார்த்துக்கொள்வதுதானே விருந்தோம்பலை நடத்துபவரின் கெட்டித்தனம்!

2021 பெப்ரவரி 23இல் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்தார். அடுத்த சில நாட்களில் அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வெளியானது. மார்ச் முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த காலம் அது. முஸ்லிம் நாடுகளின் வாக்கு அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது. ஆகவே ஒரு விருந்தாளியால் மட்டும் வந்த மாற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் விருந்தாளியின் வருகையை அரசாங்கம் எதிர்பார்த்திருக்கும் நேரத்தில் கேட்கப்படும் கேள்விக்குப் பாரம் அதிகம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே இம்ரான் கான், அதே ஆண்டில், உய்குர் முஸ்லிம்கள் விடயத்தில் சீனா சொல்வதை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். எங்கள் கபுறுகளுக்காகக் கேட்ட வாய் காஷ்கருக்காகக் கேட்கவில்லை.

இவ்விடத்தில் விடயம் நம்மிடமே திரும்பி வருகிறது. நாம் எப்போதும் வீட்டுக்காரர்களாக மட்டும் இல்லை, நாமும் பயணிகள். உம்றாவுக்குப் போகிறோம், துபாய்க்குப் போகிறோம், மலேசியாவுக்குப் போகிறோம். காஷ்கரின் ஈத்கா பள்ளிவாசலை நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, பள்ளிவாசல் அழகாகப் பராமரிக்கப்படுகிறது என்று எழுதுபவர்களும் உண்டு. பள்ளிவாசலுக்குள் சீட்டு எடுத்து நுழைபவர் ஒரு நிமிடம் நின்று, இங்கே ஐந்து நேரமும் தொழ வந்தவர்கள் எங்கே என்று கேட்டால் போதும். அந்தச் சீட்டே சாட்சியாகிவிடும். பூமியில் பயணம் செய்யுங்கள், முன்னிருந்தோரின் முடிவு எப்படியிருந்தது என்று பாருங்கள் என்பது நமக்குப் பழக்கமான கட்டளை. அங்கே பயணம் செய்வதும் பார்ப்பதும் ஒன்றாகத்தான் சொல்லப்பட்டிருக்கின்றன. முஸாபிருக்குத் தொழுகையில் சலுகை உண்டு, நோன்பில் சலுகை உண்டு. கண்ணை மூடிக்கொள்ளும் சலுகை இருப்பதாக எந்த ஆலிமும் எனக்குச் சொன்னதில்லை.

விருந்தாளியின் மனம் கோணக் கூடாது என்பதற்காக வீட்டுக்காரனின் வாயை அடைப்பதும் இந்த நாட்டில் நடந்தது. மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தன் 'நவரசம்' கவிதைத் தொகுதிக்காக 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானதையும், 2021 டிசம்பரில் பிணையில் வந்து 2023 டிசம்பரில் விடுதலையானதையும் இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1979இல் தற்காலிகமாக வந்த சட்டம் அது. 2025 மார்ச்சில், ஆட்சி மாறிய பின்னரும், அதே சட்டத்தின் கீழ் 22 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் தடுத்து வைக்கப்பட்டார். காஸாவில் நடப்பதைக் கண்டித்து கொழும்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார் என்பதே விடயம். இரண்டு வாரங்களளவில் விடுவிக்கப்பட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2024 ஒக்டோபரில், பொத்துவில் அறுகம்பேயில் இஸ்ரேலியப் பயணிகளுக்கு ஆபத்து என்று எச்சரிக்கை வந்து, பொலிஸும் படையும் அங்கே குவிக்கப்பட்டன. பயணிகள் பாதுகாக்கப்பட வேண்டியவர்களே. கடவுச்சீட்டைப் பார்த்து ஒருவரை எதிரி என்று தீர்ப்பது 2007இல் லொட்ஜ் வாசலில் பொலிஸார் செய்த வேலை; அதை நாம் செய்யக் கூடாது. ஆனால் அலையில் சறுக்க வந்தவருக்குக் காவலும், ஒரு கடதாசித் துண்டை ஒட்டியவருக்குக் கம்பியும் என்றால், இந்த நாடு யாருடைய வீடு என்று பொத்துவில் மீனவர் கேட்பதில் பிழையில்லை.

தமிழ்நாட்டு நண்பருக்கு நான் எழுதிய பதில் நீளமானது. அதன் சாரம் இதுதான். வாருங்கள். ஆனால் கட்டிலைத் தெரிவுசெய்யும்போது, இந்தக் கட்டில் யாருடைய காணியில் கிடக்கிறது என்று விசாரியுங்கள். படையினர் நடத்தும் விடுதியில் தங்காதீர்கள். அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. காசை வேன்காரரிடம், சாப்பாட்டுக் கடைக்காரியிடம், ஊர்ப் பெண்கள் நடத்தும் சிறு தங்குமிடங்களில் கொடுங்கள். பட்டியலில் இல்லாத ஓர் ஊருக்காவது போங்கள். அங்கே கேள்வி கேட்கும்போது, பதில் சொல்பவர் நீங்கள் போன பிறகும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். அவர் பெயரையும் படத்தையும் கொண்டு திரியாதீர்கள். திரும்பிப் போய் "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்ற வசனத்தை மட்டும் சொல்லாதீர்கள். இவற்றில் ஒன்றும் உங்களால் முடியாதென்றால், வராமல் இருப்பதுதான் எங்களுக்குச் செய்யும் மரியாதை.

மச்சான் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, வேன்காரரை எழுதியதற்காகத் திருப்திப்பட்டார். வெள்ளவத்தையில் அந்த லொட்ஜுகள் பலவற்றின் இடத்தில் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. அவற்றில் சில அறைகள் நாள் வாடகைக்கு, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் சனங்களுக்கே கொடுக்கப்படுகின்றன. 2007இல் ஒரு பெட்டியோடு வவுனியா பஸ்ஸில் ஏற்றப்பட்டவரின் மகள் இப்போது இலண்டன் கடவுச்சீட்டோடு அதே ஒழுங்கையில் வந்து இறங்கக்கூடும். அவளுக்கு வரவேற்பு இருக்கும், பழச்சாறு இருக்கும், எந்தக் காரணமும் கேட்கப்படாது. ஆனால் அந்த அதிகாலை பற்றி அந்த ஒழுங்கையில் ஒரு பலகையும் கிடையாது. அவளாகத்தான் கேட்டு அறிய வேண்டும்.